அவ கார்டுல நான் உருவின பென்னுங்க

இந்தக் குட்டியப் பெத்தவ என் மகளும் இல்ல, மருமகளும் இல்ல மதினி. நீங்க வெளிநாட்டுல இருந்து வந்து ஒரு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள பைப்படியில யாரோ கேட்டதுக்கு, "ஆமா, பக்கத்து காம்பரா வீட்டுக் கிழவி மகன் வழிப் பேத்திய வளர்க்குறா"ன்னு சொல்லிட்டீங்களாம். சொன்னா சொல்லிட்டுப் போங்க. எனக்குக் கோபம் இல்ல, கேட்டதும் சிரிச்சுட்டேன். ஆனா இந்தக் குட்டி எந்த வழியிலயும் எனக்குப் பேத்தி கிடையாது. என் சொந்தப் பேரப்புள்ளைங்க ரெண்டும் கொழும்புப் பக்கம் இருக்கு, தீபாவளிக்கு வந்தா உண்டு. இவ எங்கிட்ட வந்த கதையே வேற.

இப்படி உள்ள தள்ளி உக்காருங்க, இஸ்தோப்புத் திண்ணை ஓரத்துல சாரல் அடிக்குது. மடியில இவ முழிக்கிறதுக்குள்ள சொல்லிடுறேன். முழிச்சா என் காதுத் தோட்டப் பிடிச்சுத் தொங்குவா, பேச விடமாட்டா. நேத்து பாருங்க, நான் கொட்டாவி விட்டேன். உடனே அவளும் வாயப் பொளந்து காட்டுறா. கீழ ஒரே ஒரு பல்லு, அரிசி நொய்யாட்டம். நான் சிரிச்ச சிரிப்புல தேத்தண்ணி மடியில கொட்டிருச்சு. அந்தப் பல்லு மொத மொத வெளிய தெரிஞ்சப்ப அவ அம்மாக்காரி கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டா, நான்தான் பார்த்தேன். சாயந்தரம் அவ வந்து பார்த்துட்டு, "எனக்கு ஏன் காட்டல?"ன்னு புள்ளகிட்ட சண்டை போடுறா. எனக்குப் பேச வாய் கிடையாது அவகிட்ட.

ஏன்னா அவளுக்கு இருந்த நல்ல வேலையக் கெடுத்தது நான்தான். நல்லது செய்யப் போயித்தான் கெடுத்தேன். அதுவும் ஒரு தடவ செஞ்சிருந்தா பொறுத்துக்கலாம். ரெண்டு தடவ செஞ்சேன்.

எனக்கு முட்டி விட்டுப் போச்சுன்னு கொழுந்து வேலையில இருந்து நின்னது உங்களுக்குத் தெரியும், நீங்க வெளிநாடு போன வருசந்தான் அது. வீட்டுல குந்தியிருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் மதினி. அப்பத்தான் ஹாலிஎலக்கு அங்கிட்டு ஒரு பேக்டரி தொறந்திருக்கு, படிப்பு கேக்குறதில்ல, வயசு கேக்குறதில்ல, பசறையில இருந்தே வேன் வருதுன்னு சொன்னாங்க. உக்காந்து செய்யிற வேலைன்னும் சொன்னாங்க. அதுக்கப்புறம் எனக்கு வேற ஒண்ணும் காதுல விழல. பொறந்ததுல இருந்து நின்னே வேலை செஞ்ச சனம் நாம. உக்காந்தா ஒருத்தன் கூலி தருவானான்னு பார்த்துருவோம்னு போனேன்.

என்ன செய்யிற பேக்டரின்னா, இந்த பென். கம்ப்யூட்டர்ல குத்துவாங்களே, விரல் நீளம்தான் இருக்கும், படம், பாட்டு, கடுதாசி எல்லாம் அதுக்குள்ள போட்டு வைப்பாங்களே, அது. முதல் நாள் கையில குடுத்தாங்க. இதுக்குள்ள என்னத்த வைக்கிறது, ஒரு கொழுந்து கூட அடங்காதேன்னு கேட்டேன். எல்லாம் சிரிச்சாளுக. அங்க கம்ப்யூட்டர் பாக்குற ஒரு மிஸ் இருந்தாங்க, பதுளை டவுன்ல துணிக்கடை வச்சிருக்கிற முஸ்லிம் ஆளுங்க வீட்டுப் பொண்ணு, தங்கமான பொண்ணு. அவங்க சொன்னாங்க, "பாட்டி, உங்கட தோட்டத்துல வேலை செஞ்ச அவ்வளவு பேர்ட பேரையும், அவங்கட பாட்டன் பூட்டன் பேரையும் இதுல எழுதினாலும் இடம் மிச்சம் இருக்கும்." எனக்கு நம்பிக்கை வரல. இப்பவும் வரல.

நீலக் கவுனு, தலைக்குத் தொப்பி, கால்ல அவங்க குடுக்குற செருப்பு. வளையல் போடக்கூடாது, மெட்டி போடக்கூடாது. என் மெட்டியக் கழட்ட சோப்புப் போட்டு ரெண்டு பேரு இழுத்தாளுக. அப்புறம் கையில ஒரு பட்டியக் கட்டி, அதுல இருந்து ஒரு வயர மேசையோட மாட்டி விட்டாங்க, மாட்ட முளையில கட்டுற மாதிரி. என்னத்துக்குன்னா, நம்ம உடம்புல இருக்கிற கரண்டு பென்னுக்குள்ள பாஞ்சு அதக் கெடுத்துருமாம். எனக்கு உடம்புல கரண்டு இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரியும். எங்க வீட்டுக்காரர் உசிரோட இருந்திருந்தா, "எனக்கு அது எப்பவோ தெரியும்"னு சொல்லியிருப்பாரு.

கடைசி மேசை எனக்கு. மேசையில வரிசையா எட்டு ஓட்டை. நம்ம பேருக்குக் குடுத்த கார்ட அதுக்குன்னு இருக்கிற இடத்துல சொருகினாத்தான் மெஷின் கண்ணு முழிக்கும். ஓட்டைக்கு ஒரு பென் குத்தணும். மஞ்ச லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிக்கும். பழுதுன்னா சிவப்பு, நல்லதுன்னா பச்சை. எனக்கு எழுத்து தெரியாது, ஆனா பச்சையும் சிவப்பும் தெரியும்ல. அது போதும்னுட்டாங்க.

ஆனா பச்சை வந்ததும் உருவக்கூடாது. கொஞ்சம் பொறுத்தா மேசையில இருந்து டிங்குன்னு ஒரு சத்தம் வரும். அது கேட்ட பிறகுதான் உருவணும். பச்சைக்கும் டிங்குக்கும் நடுவுல அப்படி என்ன நடக்குதுன்னு யாரும் கேக்கல. நான்தான் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

மிஸ் என் மேசையில வந்து சாஞ்சுக்கிட்டு சொன்னாங்க. "பென்னுக்குள்ள ஒரு மூலை இருக்கு பாட்டி. வாங்கின ஆக்களுக்கு அதப் பாக்க ஏலாது, அழிக்கவும் ஏலாது. இது எந்த நாள் செஞ்சது, எந்த மேசை, யார்ட கார்டு, டெஸ்ட்ல என்ன வந்தது, எல்லாத்தையும் மெஷின் அந்த மூலையில எழுதும். எழுதி முடிச்சு பூட்டுப் போடும். பூட்டு விழுந்தாத்தான் டிங்."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"இங்க இல்ல. வாங்குற கம்பெனிட்ட."

"தப்பா எழுதிருச்சுன்னா ரப்பர் போட்டு அழிக்க மாட்டீங்களா?"

"எனக்கும் ஏலாது, மேனேஜருக்கும் ஏலாது. ஒவ்வொரு வரியும் முந்தின வரியோட சேத்துப் பின்னி இருக்கு. சடையில நடுக்கால மட்டும் உருவிப் பாருங்க, மத்ததெல்லாம் அவிழ்ந்திடும்தானே. அப்பிடி. யாராவது கை வச்சா உடனே தெரிஞ்சிடும்."

"அவ்வளவு காவலு எதுக்கு?"

"பழுதான பென்ன எடுத்து, நல்ல பென்னு மாதிரி ஒட்டி விக்கிற ஆக்கள் இருக்காங்க பாட்டி. இது எங்கட பேக்டரியில பொறந்த பென்னா, கள்ளப் பென்னான்னு அந்த மூலையப் பாத்துத்தான் பிடிப்பாங்க."

ஜாதகந்தான்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்குப் பூரா எனக்கு ஒரே நெனப்பு. எனக்கு நான் பொறந்த நாள் தெரியாது மதினி. ஐடென்டிகார்டுல ஒரு தேதி, தோட்டத்துச் செக்ரோல் பேர்ப் புத்தகத்துல ஒரு தேதி, எங்க ஆத்தா சொன்னது, மண் சரிஞ்ச வருசம் கார்த்திகைக்கு முன்னாலன்னு. நான் பொறக்குறப்ப மருத்துவம் பார்த்தது யாருன்னு கேட்டா, யாரோ ஒரு கிழவிங்கும். விரல் நீளக் குச்சிக்கு நாளு, நேரம், பிடிச்ச கை எல்லாம் எழுதிப் பூட்டுப் போட்டு வைக்கிறாங்க. சரி, அது இருக்கட்டும்.

இந்தக் குட்டியோட அம்மா, அந்தப் புள்ள, என் பக்கத்து மேசை. நமுனுகுல பக்கத்துத் தோட்டம், ஆத்தா கெடையாது, புருசன் கொழும்புல ஒரு சாப்பாட்டுக் கடையில சமையக்கட்டுல. என்னைய அம்மாயின்னு கூப்பிடும். முதல் நாளே, "அம்மாயி, உங்க தொப்பிக்குள்ள ஒரு ஆட்டுக்குட்டி ஒளிஞ்சிருக்கா?"ன்னு கேட்டுச்சு, என் கொண்டையப் பார்த்து. எனக்கு அப்பவே பிடிச்சுப் போச்சு. சோத்துப் பார்சல்ல பாதிய எனக்கு வைக்கும், என் பார்சல்ல இருக்கிற கருவாட்டப் பூராத் தின்னுரும்.

ஆறு மாசம் தற்காலிகம், அதுக்கப்புறம் நிரந்தரம், அதுதான் அங்க சட்டம். நிரந்தரமாயிட்டா புள்ளப்பேறுக்கு லீவு உண்டு, பெத்துட்டு வந்து அதே நாக்காலியில உக்காரலாம். தற்காலிகத்துல இருக்கிறவளுக்கு அது கெடையாது, நிப்பாட்டிருவாங்க. இந்தப் புள்ளைக்கு ஆறு மாசம் முடிய ஒரு மாசம் இருக்கு. அப்பப் பார்த்து தலை சுத்துது, வாந்தி வருது. நான் பார்த்த மாத்திரத்துல சொல்லிட்டேன், "ஏண்டி, எத்தனை நாளு தள்ளிருச்சு?" சத்தம் போடாதீங்க அம்மாயின்னு என் வாயப் பொத்துச்சு.

"ஒரு மாசந்தான் அம்மாயி. யாருக்கும் தெரியாம ஒரே ஒரு மாசம் ஓட்டிட்டா போதும். அப்புறம் என்ன கேட்டாலும் சொல்லுவேன்."

ஓட்டிருவோம்டின்னேன். எனக்கு அது பெரிய காரியமாவே தெரியல. ஏன் தெரியல சொல்லுங்க. நீங்களும் மலையில நின்னவதானே. நான் மூத்தவன வயித்துல வச்சிருந்தப்ப, மத்தியானத்துக்கு மேல என்னால நிக்க முடியாது, தேயிலச் செடிக்கு நடுவுல சாக்க விரிச்சுப் படுத்துருவேன். கொழுந்து கொறைஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க, பாதிக் கூலி. ஆனா ஒரு நாளு எனக்கு அரைப் பேரு விழுந்ததில்ல. நிறுக்கப் போற வழியில ஒவ்வொருத்தியும் என் கூடையில ஒரு பிடி போட்டுட்டுப் போவாளுக. கங்காணி அந்த நேரம் பார்த்து வானத்தப் பார்ப்பாரு, மழை வருமா வராதான்னு. நானும் எத்தனை பேரு கூடையில போட்டிருக்கேன். பிடிக்காதவ கூடையிலயும் போட்டிருக்கேன், வயித்துல இருந்தா போட்டுத்தானே ஆகணும். போட்டேன்னு யாரும் சொல்லிக்கிறதில்ல, வாங்கினவளும் கும்பிடுறதில்ல. நம்ம வழக்கம் அது.

அதத்தான் மதினி நான் அங்கயும் செஞ்சேன். அவளுக்கு மத்தியானம் மத்தியானம் பொரட்டிக்கிட்டு வரும். எந்திரிச்சா கார்ட உருவிட்டுப் போகணும், உருவினா மெஷினு எத்தனை நேரம் ஆளு இல்லன்னு எழுதிக்கும். அதனால கார்ட அப்படியே விட்டுட்டுப் போடின்னேன். அவ பாத்ரூம்ல தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. நான் என் வயர நீட்டி, என் மேசையில எட்டு, அவ மேசையில எட்டு, ரெண்டையும் ஓட்டினேன். பெருமையா வேற இருந்துச்சு எனக்கு. இந்த வயசுல பதினாறு ஓட்டையப் பார்க்குறேன்னு.

அந்த மாசம் மத்தியானமான மழை வேற. தகரக் கூரையில விழுற சத்தத்துல பக்கத்துல பேசினாலே கேக்காது. டிங்குன்னு கேக்கும், நான் உருவுவேன். டிங்குன்னா என் மேசை டிங்கா, அவ மேசை டிங்கா, எனக்கு எங்க தெரியுது. ரெண்டுக்கும் ஒரே சத்தம். என் மேசை டிங் அடிச்சிருக்கும், நான் அவ மேசையில பச்சை எரியுறதப் பார்த்து அங்க உருவியிருக்கேன். ஜாதகம் பாதி எழுதிக்கிட்டு இருக்கப்பவே புள்ளயப் பிடுங்குன மாதிரி. பச்சை எரிஞ்சதுதானே, நல்ல பென்னு தானேன்னு தட்டுல போட்டேன். தட்டுல போட்டது பெட்டிக்குப் போச்சு, பெட்டி பிளேன்ல ஏறிப் போச்சு.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. எனக்கும் சில நேரம் சிரிப்பு வரும். அப்புறம் வராது.

ஆறு மாசம் முடிய நாலு நாளு இருக்கு. பெட்டி ஒண்ணு திரும்பி வந்துருச்சு. அந்த நாட்டுல வாங்கினவங்க ஒவ்வொரு பென்னா அவங்க சாவியப் போட்டு மூலையத் தொறந்து பார்ப்பாங்களாம். சிலதுல எழுத்து பாதியில நிக்குது, பூட்டு இல்ல. பூட்டு இல்லாத பென்ன கள்ளப் பென்னுன்னுதான் வைக்கணும்னு பெட்டியோட தள்ளிட்டாங்க. பாதி எழுதின மூலையில முதல் வரி என்ன தெரியுமா? யாரு கார்டுங்கிறதுதான். அந்தப் புள்ள கார்டு.

காலையில தேத்தண்ணிக்கு விட்ட நேரம் அவள ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. ஆபீசுக்குக் கண்ணாடிச் சுவரு, உள்ள நடக்குறது தெரியும், பேசுறது கேக்காது. மேனேஜர் என்னமோ சொல்றாரு. மிஸ் பக்கத்துல உக்காந்து எழுதுறாங்க. இந்தப் புள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்குது, தொப்பிய எடுத்துக் கண்ணத் துடைக்குது. நான் எந்திரிச்சுட்டேன். வாயும் வயிறுமா இருக்கிறவள நிக்க வச்சு அழ விடுறாங்களே, செஞ்சவ நான் இங்க பிஸ்கெட்ட நனைச்சுத் தின்னுக்கிட்டு இருக்கேனேன்னு.

அப்ப எனக்கு எங்க தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளைதான் நெனப்புல வந்தாரு. ஒரு தடவ என் நாத்தனா மலைக்கு வராத அன்னைக்கு நான் அவ பேருக்கும் கொழுந்து குடுத்துட்டேன். அவரு கண்டுபிடிச்சு காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல அவள நிப்பாட்டி வைய, நான் முன்னால போயி, "ஐயா, அவ மேல குத்தமில்ல, நான்தான் செஞ்சேன்"னு சொன்னேன். எல்லாருக்கும் முன்னால என்னையக் கிழி கிழின்னு கிழிச்சாரு. கிழிச்சு முடிச்சு, காதுல இருந்து பென்சில எடுத்தாரு, பாக்கெட்டுல இருந்து ரப்பர எடுத்தாரு, அழிச்சாரு, வேற எழுதினாரு. அன்னைக்கே முடிஞ்சது. உண்மையச் சொன்னா திட்டுவாங்க, திட்டிட்டு அழிப்பாங்க. அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஆபீசு.

கதவத் தட்டாம உள்ள போயிட்டேன். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துலயும் தமிழ்லயும் கலந்து கொட்டுனேன். "ஐயா, அந்தப் புள்ள மேல குத்தமில்ல. அது அங்க இல்லவே இல்ல. அது கார்ட வச்சுட்டுப் போச்சு, நான்தான் அது மேசைய ஓட்டுனேன். என்னையத் திட்டுங்க."

யாரும் திட்டல. மிஸ் பேனாவ மேசையில வச்சுட்டாங்க. இந்தப் புள்ள என்னையப் பார்த்த பார்வை இருக்கே மதினி. நன்றின்னு நெனச்சேன். அப்ப அப்படித்தான் நெனச்சேன்.

மேனேஜர் மெதுவாக் கேட்டாரு. "அப்ப கார்டு இருந்திருக்கு, ஆளு இல்ல?"

"ஆமாங்க ஐயா."

"எத்தனை நாளு?"

நான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சேத்துச் சொன்னேன், குத்தம் எல்லாம் என் மேலதான்னு நல்லாத் தெரியணும்னு. என்னத்துக்கு அந்தப் புள்ள எந்திரிச்சுப் போச்சுன்னு கேட்டாரு. அதையும் சொன்னேன். வயித்துல இருக்குன்னா மனசு எளகும்னு. நம்மூர்ல எளகும்தானே.

அவரு கெட்டவரு இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் நாக்காலி போடச் சொன்னாரு, தேத்தண்ணி கொண்டு வரச் சொன்னாரு. அப்புறம் மிஸ்ஸப் பார்த்து சிங்களத்துல பேசினாரு, நீளமா. மிஸ் தலையக் குனிஞ்சுக்கிட்டே எங்களுக்குச் சொன்னாங்க.

"பாட்டி, டிங் கேக்க முந்தி உருவினது தப்புதான். ஆனா அது சின்னத் தப்பு, எல்லாருக்கும் நடக்குற. கார்ட வேற ஆளுக்குக் குடுத்தது அப்பிடி இல்ல. இனி அந்தக் கார்டுல எழுதி பூட்டுப் போட்ட ஒரு பென்னையும் நம்ப ஏலாது. கிட்டத்தட்ட ஆறு மாசத்துப் பென். நல்லா பூட்டு விழுந்ததையும் ஏலாது. யார் செஞ்சதுன்னு பென்னு சொல்றது பொய்யாப் போயிட்டுதானே. உங்கட கார்டும் அப்பிடித்தான்."

"அப்ப அத மாத்தி எழுதுங்க மிஸ். நான் செஞ்சேன்னு எழுதுங்க. கைநாட்டு வைக்கிறேன்."

"நீங்க சொல்றத நான் நம்புறேன் பாட்டி. எழுதினத எனக்கு மாத்த ஏலாது." அந்தப் பொண்ணு கண்ணாடியக் கழட்டித் துடைச்சுச்சு. முதல் நாளே அத எனக்குச் சொல்லித் தந்தது அதுதானே. நான்தான் கதை கேக்குற மாதிரிக் கேட்டுட்டு விட்டுட்டேன்.

அன்னைக்கே ரெண்டு பேரையும் நிப்பாட்டிட்டாங்க. கவுனு, தொப்பி, செருப்பு எல்லாம் குடுத்துட்டு வெளிய வந்தோம். வேன் சாயந்தரந்தான். பஸ்ஸுல பதுளைக்கு வந்து, அங்க இருந்து பசறை பஸ்ஸுல ஏறினோம். வளைவுல வளைவுல அந்தப் புள்ளைக்குக் குமட்டுது, நான் சேலைத் தலைப்ப விரிச்சுப் பிடிச்சிருந்தேன். பாதி வழி வந்தாச்சு. அப்புறம் ஜன்னலப் பார்த்துக்கிட்டே சொல்லுச்சு.

"ஒரு காயிதந்தான் குடுக்க இருந்தாங்க அம்மாயி."

"என்ன காயிதம்?"

"கவனமா வேலை செய்யணும்னு எச்சரிக்கைக் காயிதம். ரெண்டு நாளு திருப்பிப் பழக்குவாங்களாம். நான்தான் அவசரத்துல உருவிட்டேன்னு ஒத்துக்கிட்டேன். நீங்க வந்தப்ப அந்தக் காயிதத்தத்தான் மிஸ் எழுதிக்கிட்டு இருந்தாங்க. கையெழுத்துப் போட்டுட்டு வந்திருப்பேன். நாலு நாளு."

நீங்க பேசாம இருந்திருக்கலாமேன்னு அது கேக்கல. கேட்டிருந்தா நான் அழுது தீர்த்திருப்பேன். பசறையில இறங்கி நமுனுகுல பஸ்ஸுக்குப் போச்சு. பனி இறங்கியிருந்துச்சு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனதும் ஆளத் தெரியல.

ரெண்டு தடவ அவ தோட்டத்துக்குப் போனேன். கதவு தொறக்கல. உள்ள இருமுற சத்தம் கேக்குது, ஆனா தொறக்கல. கருவாடு கொண்டு போனத வாசல்ல வச்சுட்டு வந்தேன். மூணாம் தடவ போனப்ப இவ பொறந்து பதினெட்டு நாளு. கதவு தொறந்திருந்துச்சு. ஒத்தையில பெத்து, ஒத்தையில கெடக்கு. அடுப்பு எரியல. என்னையப் பார்த்துச்சு. எந்திரிச்சு வந்து புள்ளைய என் மடியில வச்சுட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிருச்சு. அப்படித் தூங்கி எத்தனை நாளாச்சோ. அன்னைக்கு வாங்கினவதான் இவ.

அப்புறம் நான்தான் இங்க கூட்டிக்கிட்டு வந்தேன். கங்காணியக் காலப் பிடிக்காத குறையாக் கேட்டு தற்காலிகமா மலைக்குச் சேத்து விட்டேன். மறுபடி தற்காலிகம். மலைக்குப் போறவங்க புள்ளைங்கள விடுற புள்ளக்காம்பராவுல விட்டா இவளுக்கு நெஞ்சுச் சளி கட்டிருது, அதனால பகல் பூரா எங்கிட்ட. எனக்கு வேற என்ன வேலை, எனக்குச் சந்தோஷந்தான். சந்தோஷம்னு சொல்லவே வெக்கமா இருக்கு. அவ இழந்ததுல எனக்குக் கெடைச்ச சந்தோஷம்.

அந்தப் பேச்ச அவ எடுக்குறதே இல்ல. ஆனா நான் அவசரத்துல பால அடுப்புல இருந்து இறக்கினா போதும், "டிங் கேட்டுச்சா அம்மாயி?"ங்கும். ஈரம் காயாத துணிய எடுத்து மடிச்சா, "டிங் கேட்டுச்சா?"ங்கும். சிரிச்சுக்கிட்டேதான் கேக்கும். நானும் சிரிப்பேன். மடிச்சதத் திரும்ப விரிச்சுக் காயப் போடுவேன்.

எனக்கு ஒண்ணுதான் மனசுல அடங்காது மதினி. மிஸ்ஸ ஒரு நாளு பதுளைச் சந்தையில பார்த்தேன், புள்ளைக்குன்னு ஒரு பிளாஸ்டிக் வாத்து வாங்கிக் குடுத்தாங்க. அந்தப் பெட்டிய என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். பெட்டிய அரைச்சுட்டாங்களாம், ஆனா அந்த எழுத்து அழியலையாம். அது அந்தக் கம்பெனியில இன்னொரு எடத்துலயும் விழுந்திருக்குமாம், இன்னும் பல வருசம் இருக்குமாம். அப்ப இந்தக் குட்டி வளர்ந்து, படிச்சு, என்னைக்காவது அந்த நாட்டுல போயி அதத் தொறந்து பார்த்தாலும், அவ ஆத்தாதான் பாதியில உருவுனவன்னு இருக்கும். என் பேரு எங்கயும் இல்ல. நான் போயிட்டா அதச் சொல்ல ஆளும் இல்ல. அதான் உங்ககிட்ட சொல்றேன்.

இப்ப மலையிலயும் கார்டு வந்துருச்சாமே, தராசு கார்டு கேக்குதாம். முதல் நாளு அதக் கேட்டதும், கார்ட யாருகிட்டயும் குடுத்துராதடின்னு அவ கையப் பிடிச்சுக்கிட்டேன். அவதான் சொன்னா, "பயப்படாதீங்க அம்மாயி, தராசு கார்டு கேட்டாலும், சாக்குல விழுந்த கொழுந்து யாரு கிள்ளுனதுன்னு சொல்லாது." இன்னும் போடுறாளுக மதினி. பச்ச ஒடம்புக்காரின்னு அவ சாக்குல ஆளுக்கு ஒரு பிடி. அவ வேண்டாங்கிறாளாம். முதல்ல கை நீட்டித் தடுத்தாளாம், அப்புறம் சாக்கு வாயக் கட்டிக்கிட்டே நடந்தாளாம். அவளுக, இவளுக்குத் திமிருன்னு பேசுறாளுக. திமிரு இல்ல, பயம். அத நான்தான் போயி அவளுககிட்ட எடுத்துச் சொல்லணும்னு...

இந்தா, வேலை விடுற சங்கு ஊதிருச்சே. பேச்சுல நேரம் போனதே தெரியல. இந்த மழையில காலெல்லாம் அட்டை கடிச்சு வருவா, வந்ததும் சுடுதண்ணி கேப்பா, நான் அடுப்பே பத்த வைக்கல. இவள ஒரு நிமிசம் பிடிங்க மதினி, முழிக்கிறா பாருங்க. காதுத் தோட்ட மட்டும் கழட்டி வச்சுக்கங்க.